பன்னிரண்டு நிமிடக் குழம்பு

ஞாயிறு ஒருநாள்தான் எனக்குக் கம்பெனி வேன் வராது.
அன்றைக்கே மிச்ச ஆறு நாளையும் பிடித்து
பாட்டிலில் அடைக்கிறேன்.

குடியாத்தம் சந்தையில் மூன்று கிலோ தக்காளி,
விலை இறங்கிய வாரமென்றால் ஐந்து.
நல்லெண்ணெய் பிரிந்து ஓரத்தில் ஒதுங்கும்வரை
கையெடுக்காமல் கிளற வேண்டும்.
தொக்கு வெடித்து முழங்கையில் தெறித்த இடம்
திங்கட்கிழமை தையல் மிஷின்மேல் எரியும்.

அடுத்தது இஞ்சி பூண்டு.
பூண்டு கொஞ்சம் தூக்கலாக, உப்பும் எண்ணெயும் சேர்த்து.
ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும்
வியாழக்கிழமை பூசணத்தோடுதான் விடியும்.
புளிக்காய்ச்சலுக்கு வெந்தயம் கருகக் கூடாது,
கருகினால் வாரம் முழுக்கக் கசக்கும்.
மொட்டைமாடியில் காய்ந்த மிளகாயும் தனியாவும்
மாவு மில்லுக்குப் போகின்றன.
எனக்கு முன்னால் யாரோ சீயக்காய் அரைத்திருக்கிறார்கள்.
முதல் இரண்டு பிடியை மில்லுக்காரருக்கே விட்டுவிட்டு
மீதியை வாங்கிக்கொண்டு வந்தேன்.

பாட்டில்களில் பெயர் எழுதுவதில்லை.
கம்பெனியில் கீழே விழுகிற சைஸ் ஸ்டிக்கரை
ஒட்டி வைப்பேன்.
முப்பத்தெட்டு என்றால் தொக்கு.
முப்பத்தொன்பது இஞ்சி பூண்டு.
நாற்பது புளிக்காய்ச்சல்.
வேர்க்கடலைப் பொடிக்குக் குழந்தை சைஸ்தான் கிடைத்தது, இருபத்தாறு.
"இன்னைக்கு எத்தினியாம் நம்பர் கொழம்பு?" என்பார்
தறியிலிருந்து பஞ்சு ஒட்டிய தலையோடு வீட்டுக்காரர்.

பேரணாம்பட்டில் எங்கள் லைனுக்கு
போன மாசி மாதம் ஒரு பையன் வந்தான்.
கழுத்தில் கயிறு கட்டிய ஸ்டாப்வாட்ச்.
ஷூவின் மேல்தோல் தைக்க எனக்கு ஐம்பத்திரண்டு நொடி.
பக்கத்து மிஷின் ஷமீமுக்கு நாற்பத்தாறு.
பையன் சிரித்தான், அவளும் சிரித்தாள்.
அடுத்த திங்கள் போர்டில்
மணிக்கு அறுபத்தைந்தை அழித்துவிட்டு
எழுபத்திரண்டு என்று எழுதியிருந்தது,
லைனில் எல்லாருக்கும்.
இரண்டு நாள் ஷமீமோடு யாரும் பேசவில்லை.
மூன்றாம் நாள் அவள் டிபன் பாக்ஸைத் திறக்காமலே மூடப் போனாள்.
ஒரு கரண்டி இருபத்தாறாம் நம்பரை
அவள் சோற்றின் ஓரத்தில் வைத்தேன்.
அதற்குமேல் எனக்கு என்ன சொல்லத் தெரியும்?

சாயங்காலம் ஏழே காலுக்கு
கௌண்டன்ய ஆற்றுப் பாலத்தில் வேன் இறக்கிவிடும்.
வாணலி, கடுகு, முப்பத்தெட்டில் மூன்று கரண்டி,
முப்பத்தொன்பதில் அரை,
நாலாகக் கீறிய இலவம்பாடி முள்ளுக்கத்தரி,
கைப்பொடி, உப்பு, ஒரு மூடி.
பன்னிரண்டாம் நிமிடம் குழம்பு தயார்.

இது வீட்டில் யாருக்கும் தெரியாது.
முன்போலவே முக்கால் மணி நேரம் ஆகிறதென்றுதான்
எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.
சொன்னால் என்ன ஆகும் என்று
எனக்குப் போர்டில் எழுதிக் காட்டியிருக்கிறார்களே.
"அப்டின்னா கூட ஒரு ரசம் வெச்சிடேன்" என்பார் மாமனார்.
நாத்தனார் தெய்வானைக்கு ஒரு தூக்குவாளி.
அப்புறம் இரண்டு பொரியல்.

அதனால் அடுப்படிக் கதவை ஒருக்களித்துவிட்டு
காலி எண்ணெய் டின்னைக் கவிழ்த்து உட்கார்கிறேன்.
அரிசி மூட்டைமேல் காலை நீட்டுகிறேன்.
எதையும் யோசிப்பதில்லை.
சன்னலுக்கு வெளியே
எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழியும்,
அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.
நடுநடுவே கரண்டியால்
வாணலி விளிம்பை இரண்டு தட்டு.
ஆள் வேலையாக இருக்கிறாள் என்று
கூடத்துக்குக் கேட்க வேண்டுமல்லவா.

நேற்று பவதாரணி தண்ணீர் குடிக்க வந்தாள்.
மூன்றாம் வகுப்பு, எல்லாவற்றையும் எண்ணுகிற வயசு.
அணைந்த அடுப்பைப் பார்த்தாள்,
மூடிய குழம்பைப் பார்த்தாள்,
மூட்டைமேல் என் காலைப் பார்த்தாள்.
நான் வாயைத் திறப்பதற்குள்
மடியிலிருந்த கரண்டியை எடுத்து
வாணலியில் டங் டங் என்று தட்டினாள்,
என்னைவிட நன்றாகவே.
கதவைச் சாத்திக்கொண்டு போனவள் குரல்
கூடத்தில் கேட்டது:

"அம்மா இன்னும் தாளிக்கவே இல்லப்பா."